பூச்சியின் மச்சத்தை அழித்த நௌபர்

நௌபரை நான் நேரில் நீ என்றுதான் கூப்பிடுவேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்கள் நாங்கள். நான் அதோடு நின்றுவிட்டேன், அவர் மேலே படித்தார். எழுத்து என்பதால் மரியாதை போடுகிறேன், அவ்வளவுதான். ஒரு மனிசனைப் பற்றி அவன் இல்லாத இடத்தில் கதைப்பது செத்த சகோதரனின் இறைச்சியைத் தின்பது போல என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்குப் பயந்து, இதில் உள்ள எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு முன்னால் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். கேட்டுவிட்டு, "எழுது, எழுது. கடைக்கு நல்ல விளம்பரம்" என்றார். அப்படிப்பட்ட மனிசன்.

கிண்ணியாக் கடைத்தெருவில் அவருடைய ஸ்டூடியோ. அதன் முன்பக்கத்து மூலையில் மேசை போட்டு நான் படங்களுக்குச் சட்டம் அடிக்கிறேன், கண்ணாடி வெட்டுகிறேன். இடையில் அவர் கட்டாரில் இருந்த நாலு வருசம் போக, இருபத்தாறு வருசமாக அவர் எடுக்கிற மாப்பிள்ளை பொண்ணெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேருவார்கள். அல்லாஹ் கொடுத்த எந்த முகத்தைப் பார்த்தாலும் நௌபருக்கு அதில் ஒரு பிழை தெரியும். திருத்தாமல் விடமாட்டார். அவருடைய கல்வி, தொழில், பெருமை எல்லாம் இந்தத் திருத்தல்தான்.

பாலம் வர முந்தின காலத்தில், தண்ணீரைக் கடக்கிற இழுவைப் பாதை என்ற மிதவையில் ஏறித்தான் நாங்கள் ரவுனுக்குப் போக வேணும். ஏற முந்தி ஆமிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டை காட்ட வேணும். மீன் வியாபாரி ஒருவருக்குச் சின்ன வயதில் மாடு முட்டி நெற்றியில் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். நௌபர் பென்சிலைச் சீவி, நெகட்டிவில் தழும்பை அழித்துக் கொடுத்துவிட்டார். அட்டையில் நெற்றி வாழைக்குருத்து மாதிரி இருந்தது. சாவடியில் நின்றவன் அட்டையைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், இவரை ஓரமாகக் குந்த வைத்தான். அசர் தொழுகைக்குப் பிறகுதான் விட்டான். மீன் முழுக்க நாறிவிட்டது.

மனிசன் கூடையோடு நேராக ஸ்டூடியோவுக்கு வந்து, அண்ணன் முறை வைத்தே, "நௌபர் நானா, என்ட நெத்திய எங்க வெச்சீங்க?" என்று கேட்டார்.

நௌபர் சொன்ன பதில் இது: "தழும்போட எடுத்திருந்தா உன்ன ஆர் மதிப்பான்?"

பிறகு கட்டாருக்குப் போனார். நாலு வருசத்தில் ஒரு கொம்பியூட்டரோடு திரும்பி வந்தார். பென்சில் போய் அது வந்ததும் திருத்துகிற நோய் முற்றிவிட்டது. மச்சம், பரு, அம்மைத் தழும்பு ஒன்றும் அவருடைய கடையை விட்டு வெளியே போகாது. எப்படிச் செய்வார் என்றால், பக்கத்தில் உள்ள நல்ல தோலில் ஒரு துண்டை எடுத்து மச்சத்தின் மேல் ஒட்டிவிடுவார். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. சட்டம் அடிக்கிற எனக்குத் தெரியும். ஒரே மயிர்த்துளை கன்னத்தில் மூன்று இடத்தில் இருக்கும், ஒரே அச்சில் வார்த்த அப்பம் போல. ஒருமுறை ஒரு தாய் கலியாண அல்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இது என்ட மகளின்ட கலியாணமா, வேற ஆருடையதுமா?" என்று கேட்டாள். அவள் கேலி பண்ணவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் ஜெமீலாவின் மகள் ஷிஃபானா பூச்சியைக் கொண்டு வந்தாள்.

ஜெமீலா உப்புநீர்க் களப்போரத்தில் குடியிருக்கிறவள். புருசன் இல்லை. இடியப்பம் அவித்து மகளைக் கம்பஸ் வரைக்கும் கொண்டு வந்துவிட்டாள். பிள்ளை கடைசி வருசம். பட்டம் எடுக்க ஒரு ஆராய்ச்சி எழுதிக் கொடுக்க வேணும். அவள் எடுத்துக்கொண்டது எங்கள் களப்புக் கண்டல் மரங்களின் இலைக்குள் வாழ்கிற அந்துப்பூச்சிகளை. நான் ஐம்பது வருசமாகக் கண்டல் இலையைப் பார்க்கிறேன். அதில் வெள்ளை வெள்ளையாக வளைந்து ஓடுகிற கோடு ஏதோ இலைக்கு வந்த தேமல் என்றுதான் நினைத்திருந்தேன். பிள்ளை சொல்லித்தான் தெரியும், அது ஒரு புழு போன வழியாம். இலையின் மேல் தோலுக்கும் கீழ்த் தோலுக்கும் நடுவில் இருந்துகொண்டு தின்று தின்று போகுமாம். அந்த இலையைப் பிய்த்துத் தயிர்க் கோப்பையில் போட்டு, மேலே மெல்லிய துணி கட்டி வைத்தால், பத்துப் பன்னிரண்டு நாளில் பூச்சி வெளியே வரும். குருணை அரிசியில் பாதி இருக்கும். மூச்சு விட்டால் பறந்துவிடும். தொட்டால் சிறகில் உள்ள தூளெல்லாம் விரலோடு வந்துவிடும். சுப்ஹானல்லாஹ், அதற்குள்ளும் ஒரு வயிறு, ஆறு கால், நாலு சிறகு வைத்திருக்கிறான்.

அவற்றில் எது எது என்று பிரிப்பதுதான் அவளுடைய வேலை. அதற்கு இரண்டு சாட்சி வேணும். ஒன்று படம். உயிரோடு, தூள் கொட்டாமல் இருக்கும்போதே சிறகின் கோலத்தைப் பெரிதாக எடுக்க வேணும். மற்றது டீ.என்.ஏ. பூச்சியின் ஒரு காலை மட்டும் எடுத்துச் சின்னக் குழாயில் ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பினால், அதன் உடம்புக்குள்ளே எழுதியிருக்கிற எழுத்து வரிசையைப் படித்துச் சொல்லுவார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொரு வரிசையாம். இரண்டு சாட்சியும் ஒரே கதை சொல்ல வேணும். எங்கள் பள்ளிவாசல் விசாரணையிலும் அப்படித்தான்.

கம்பஸுக்குப் பூச்சியைப் பஸ்ஸில் கொண்டு போனால் குலுக்கத்தில் மொட்டையாகிவிடும். கிண்ணியாவில் இவ்வளவு சின்னதைப் படம் பிடிக்கிற லென்ஸ் ஒன்றுதான் இருந்தது. நௌபர் கலியாண மோதிரம் எடுக்கிற லென்ஸ்.

முதல் பதின்மூன்று பூச்சியையும் ஷிஃபானா பக்கத்தில் இருந்து எடுப்பித்தாள். ஐந்து நிமிசம் பிரிட்ஜில் வைத்தால் பூச்சி அசையாமல் கிடக்கும். நௌபர் எடுப்பார். எடுத்ததும் அவருடைய கை தானாகக் கொம்பியூட்டருக்குப் போகும்.

"மாமா, ஒண்டையும் தொட வேணாம்."

"தூசு மகள். அசிங்கமா கிடக்கு."

"அசிங்கமாகவே இருக்கட்டும் மாமா."

"உங்கட கம்பஸ்காரருக்கு ரசனை எண்டு ஒண்டு இல்லையா?"

"இல்ல மாமா. அத எங்களுக்குப் படிப்பிக்கல்ல."

பதினாலாவது வந்த அன்று அவளுக்குக் கம்பஸில் பரீட்சை. ஜெமீலா கோப்பையைப் புடவைத் தலைப்பால் மூடிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இதோ வாறன் என்று சந்தைக்குப் போனாள். நௌபர் படம் எடுத்தார். திரையில் வந்ததை என் மேசையிலிருந்தே பார்த்தேன். வெள்ளிச் சிறகு, குறுக்கே இரண்டு பொன் கோடு. இரண்டு முன் சிறகின் நுனியிலும் மும்மூன்று கறுப்புப் புள்ளி, சுர்மா மைக்குச்சியால் தொட்டு வைத்தது போல. மாஷா அல்லாஹ் என்றேன். நௌபர், "ஊத்தை" என்றார்.

சொல்லிவிட்டு லென்ஸ் துடைக்கிற தூரிகையை எடுத்துப் பூச்சியின் மேலேயே ஒரு தட்டுத் தட்டினார். சிறகு செதில் சுரண்டிய மீன் போல வெறும் தோலாகிவிட்டது. அதற்கும் அவர் அசரவில்லை. முதல் படத்தைத் திறந்தார். மூன்று மூன்று ஆறு புள்ளியையும், பக்கத்துச் சிறகை எடுத்து எடுத்து ஒட்டி மறைத்தார். பொண்ணுகளுக்குச் செய்கிற அதே கை.

"நௌபர், அது படைச்சவன் வெச்ச புள்ளியா இருக்கும்" என்றேன்.

"நீ சட்டத்த அடி" என்றார்.

நான் சட்டத்தை அடித்தேன். அது எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே பிள்ளையிடம் சொல்லியிருப்பேன். கமராவுக்குள் இருந்த முதல் படத்தையும் அடுத்த நாள் முள்ளிப்பொத்தானையில் ஒரு கலியாணத்துக்கு இடம் வேணும் என்று அழித்துவிட்டார்.

ஷிஃபானா வந்து, மொட்டையாகக் கிடந்த பூச்சிக்குக் குலுக்கத்தில் தூள் கொட்டியிருக்கும் என்று நினைத்து அதன் காலை எடுத்துக் குழாயில் போட்டாள். அந்தப் படத்தைப் பார்த்ததும் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு நான் கண்ணாடி வாங்க ரவுனுக்குப் போயிருந்தேன், இந்தப் புள்ளிக் கணக்கெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. மற்ற எல்லாம் ஒத்துப் போகிற ஒரு பூச்சிக்கு ஆறு புள்ளி இருக்குமாம். புள்ளியே இல்லாததை எந்தப் புத்தகத்திலும் அவள் காணவில்லையாம். புதிய இனமாக இருக்கலாம். உடனே தன்னைப் படிப்பிக்கிற கம்பஸ் சேருக்குப் போன் எடுத்தாள். சேர், "கால் சோதிக்கப் போகட்டும், எழுத்து வரட்டும், பிறகு கதைப்பம்" என்றிருக்கிறார். புது இனம் என்றால் அதற்குப் பெயர் வைப்பார்கள், சில நேரம் உதவி செய்த ஆட்களின் பெயரையும் வைப்பார்கள் என்று பிள்ளை பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறபோது நௌபர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "உலகத்தில ஒரு பூச்சிக்கு என்ட பெயர் வருது." ஒரு பெரியவர் கேட்டார், "கடிக்கிற பூச்சியா?" நௌபருக்கு அது நக்கல் என்று விளங்கவில்லை. "இல்ல ஹாஜியார், வெள்ளிப் பூச்சி" என்றார்.

இரண்டு மாதம் அவருடைய பெருமையில் எங்களுக்கு நிம்மதியாக இருக்க ஏலாது. விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே விஞ்ஞானப் படக் கலைஞர் என்று அடித்தார். பதினாலாம் நம்பர்ப் பூச்சியை இரண்டடி அகலத்தில் அச்சடித்து, சட்டமும் என்னைக் கொண்டே போடுவித்து, பொண்ணுகள் இருக்கிற சுவரில் நடுவில் தொங்கவிட்டார். படம் எடுக்க வருகிற சனத்துக்கு முதலில் அதைக் காட்டி, பிறகுதான் லைட்டைப் போடுவார். அவருடைய மனைவி பஹ்மியா நல்ல பொறுமைசாலி. அவளே ஒருநாள் சோறு கொண்டு வந்த இடத்தில், "றுமைஸ் நானா, இந்தப் பூச்சி எப்ப சாகும்?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனாள்.

பிறகு எழுத்து வந்தது.

ஷிஃபானா போனைக் கையில் பிடித்தபடி கடைக்குள் வந்தாள். அழவில்லை. பதினாலாம் நம்பர்க் காலின் எழுத்து வரிசை, ஆறு புள்ளிப் பூச்சியின் வரிசையோடு அப்படியே பொருந்துகிறதாம். படத்தில் புள்ளி இல்லை. காலில் இருக்கிறது ஆறு புள்ளிப் பூச்சி. ஆகவே இவள் குழாய்களை மாற்றிவிட்டாள் என்று சேர் முடிவு கட்டிவிட்டார்.

"ஒண்டு மாறினா மத்த இருபத்தெட்டையும் எப்படி நம்புற எண்டு கேக்கிறார் மாமா. எல்லாத்தையும் தள்ளிப் போட்டு அடுத்த வருசம் முதல்ல இருந்து செய்யட்டாம். வியாழக்கிழமைக்குள்ள ஒரு விளக்கம் குடுக்கோணும்."

அடுத்த வருசம் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது. ஜெமீலாவின் கையில் இன்னொரு வருசத்துக்குப் பெலன் இல்லை. பிள்ளையின் பெயரும் கவனமில்லாதவள் என்று கெட்டுப் போகும். அந்தப் பிள்ளை ஒவ்வொரு குழாயிலும் பிஸ்மி சொல்லி நம்பர் ஒட்டியதை நான் என் கண்ணால் கண்டவன்.

நௌபர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்த டீ.என்.ஏ. பிழைச்சிருக்கும் மகள். என்ட கமரா பிழைக்காது" என்றார்.

அவருடைய கண்ணைப் பார்த்தேன். ஒரு நடுக்கமும் இல்லை. ஒரு பிள்ளையின் நாலு வருசம் ஒரு பக்கம், அவருடைய பெயர் தாங்கிய வெள்ளிப் பூச்சி ஒரு பக்கம், அவர் தன் பக்கத்தை நிறுத்துப் பார்த்துத் திருப்தியோடு இருந்தார். கள்ளனைக் கண்டிருக்கிறேன், குடிகாரனைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்குக் கூட இரக்கப்பட என்னால் முடிந்தது.

"புள்ளி இருந்தது மகள்" என்றேன். "ஆறு. நான் கண்டனான். இவன்தான் அழிச்சவன்."

"றுமைஸ்" என்றார் நௌபர்.

"என்ன றுமைஸ்? நீ அழிக்கல்லயா?"

"எங்கட ஸ்டூடியோவில அப்படி வேல நடக்கிறல்ல."

இருபத்தாறு வருசப் பொண்ணுகள் சுவரில் இருந்து மச்சமில்லாத கன்னத்தோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஷிஃபானாவை இரண்டடிப் படத்துக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போனேன். சின்னப் படத்தில் தெரியாது, இதில் தெரியும். சிறகின் நுனியில் அரிவாள் போல உடைந்த ஒரு பொன் தூள். அதே அரிவாள், அதே சாய்வில், பக்கத்தில் இன்னும் ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒன்று. மற்றச் சிறகிலும் மூன்று. தன் பெருமையை அவர் இரண்டடிக்குப் பெருப்பித்து வைத்திருக்காவிட்டால் நானே கண்டிருக்க மாட்டேன்.

பிள்ளை ஒவ்வொன்றாக விரலை வைத்து எண்ணினாள். "ஆறு" என்றாள். பிறகு திரும்பி, "மாமா, நீங்க எனக்கு இதச் செஞ்சிட்டு, நான் ரெண்டு மாசம் உங்களுக்கு நன்றி சொல்லக் கேட்டுக்கொண்டு இருந்தீங்களே" என்றாள். சத்தம் போடவில்லை.

"வடிவாக்கினன் மகள். அதில என்ன பிழை?"

படத்தைப் போனில் எடுத்து அனுப்பினாள். சேர் பார்த்திருக்கிறார், சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் ஆறு அரிவாளையும் பிள்ளையே செய்திருக்கலாமே என்று ஒரு கேள்வி வரும், படம் எடுத்தவர் தன் கையால் எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தால் முடிந்துவிடும் என்றாராம். நியாயம்தான்.

நௌபர் எழுத மறுத்துவிட்டார். "என்ட தொழில் என்ன ஆகிற? ஒரு பூச்சிக்காக நான் கையெழுத்து வைக்கிறதா?" நேற்று வரைக்கும் அந்தப் பூச்சிதான் அவருக்கு உலகம்.

புதன்கிழமை காலையில் ஜெமீலா இடியப்பச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு ஸ்டூடியோவுக்கு வந்து, படம் எடுக்க வருகிற ஆட்கள் இருக்கிற கதிரையில் இருந்தாள். கையில் தஸ்பீஹ் மணிமாலை. சண்டையில்லை, சாபமில்லை. முதலில் வந்தது மூதூர்ப் பக்கத்து ஒரு தாயும் கலியாணம் பேசியிருக்கிற மகளும். மகளுக்கு உதட்டுக்கு மேல் வடிவான ஒரு மச்சம்.

"மாப்பிள வீட்டார் பிள்ளைய நேர்ல கண்டவங்களா?" என்று ஜெமீலா அன்பாகக் கேட்டாள்.

"இல்ல ராத்தா. படத்த அனுப்பச் சொன்னாங்க."

"அப்ப கவனம். இவர் இந்த மச்சத்த எடுத்திருவார். பிறகு நிக்காஹ் அண்டைக்கு மச்சத்தோட போனா, பொண்ண மாத்திட்டாங்க எண்டு கதை வரும். என்ட மகளுக்கு அப்படித்தான் வந்திருக்கு."

"உங்கட மகளுக்கும் மச்சமா?"

"இல்ல. அவள்ற பூச்சிக்கு."

தாயும் மகளும் எழும்பிப் போய்விட்டார்கள். அடுத்து வந்தவர் வெளிநாட்டுப் பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க வந்தவர். அவரிடமும் அதே அன்போடு, கன்னத்தில் உள்ள தழும்பு விமான நிலையத்தில் வேணுமா வேணாமா என்று கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு வெளியே போனார். லுஹர் தொழுகைக்குள் நாலு பேர் இப்படிப் போய்விட்டார்கள். நௌபர் என்னிடம் வந்து, "இவவ எழும்பிப் போகச் சொல்லு" என்றார்.

"வயசான ஆள், கதிரையில இருந்து திக்ர் செய்யிறா. நான் எப்படிச் சொல்லுற?"

தொழுதுவிட்டு வந்து ஒரு கடிதம் எழுதினார். ஷிஃபானா வந்து வாசித்தாள். வெளிச்சத்தின் கோளாறினால் புள்ளிகள் மறைந்திருக்கக்கூடும் என்று எழுதியிருந்தது.

"வெளிச்சம் புள்ளிய மறைக்கல்ல மாமா. நீங்க மறைச்சீங்க."

"ரெண்டும் ஒண்டுதானே?"

ஜெமீலா தஸ்பீஹை முதலில் இருந்து உருட்டத் தொடங்கினாள். வாசலில் ஒரு வேன் நின்றது, ஒரு குடும்பமே இறங்கிக்கொண்டிருந்தது. நௌபர் அதைப் பார்த்தார், ஜெமீலாவைப் பார்த்தார். கடிதத்தைக் கிழித்துவிட்டு என் மேசையில் குனிந்து நின்றபடியே வேறு ஒன்று எழுதினார். பதினாலாம் நம்பர்ப் பூச்சியின் சிறகில் இருந்த ஆறு கறுப்புப் புள்ளிகளை நான் ஊத்தை என்று நினைத்துக் கொம்பியூட்டரில் அழித்தேன், பூச்சியின் சிறகைத் தூரிகையால் தட்டியதும் நான், இதில் மாணவியின் பிழை ஒன்றுமில்லை. கையெழுத்து வைத்து, ஸ்டூடியோ முத்திரையும் குத்தினார். சாட்சிக்கு நானும் என் கையெழுத்தை வைத்தேன். என் எழுத்துக் கோணல்தான், என்றாலும் அதில் உள்ளது நடந்தது.

ஜெமீலா எழும்பி, "ஜஸாகல்லாஹ் நௌபர் நானா" என்று சொல்லிவிட்டு மகளோடு படி இறங்கினாள். எனக்கென்றால் நன்றி சொல்ல வாய் வந்திருக்காது. அவளுக்கு வந்தது.

அவர்கள் தெருவுக்குப் போய்ச் சேர முந்தியே நௌபர் பின்னால் ஓடினார். தலை குனிந்து மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நானும் ஒரு கணம் நல்லெண்ணம் வைத்தேன்.

"மகள், அந்தப் படத்த என்ன செய்வீங்க? எறிஞ்சிருவீங்களா?"

"இல்ல மாமா. ஆராய்ச்சியில போடோணும். படத்த மட்டும் நம்பி ஒரு உயிர இன்னது எண்டு சொல்லக் கூடாது எண்டதுக்கு ஒரு உதாரணமா."

"கம்பஸ் புத்தகத்திலயா?"

"ஓம்."

"எடுத்த ஆள்ற பெயர் போடுவாங்கதானே?"

"கட்டாயம் போடுவம் மாமா. படத்துக்குக் கீழயே போடுவம்."

நௌபரின் முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப் பையில் இருந்த புது விசிட்டிங் கார்ட் ஒன்றை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்து, எழுத்துப் பிழை வராமல் இதைப் பார்த்துப் போடச் சொன்னார். அவர்கள் கொஞ்சத் தூரம் போன பிறகு, நடுத்தெருவில் நின்று, வேனில் வந்த சனமும் கேட்க, மறுபடியும் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஏ.எல்.எம். எண்டு இனிசலோட போடுங்க மகள். சும்மா நௌபர் எண்டு போட்டா வேற ஆரும் எண்டு நினைச்சிருவாங்க."